சக்கரவர்த்தியும் சபையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவில்தான் பேச்சு தொடங்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படியுங்கள்.

ரோம ராஜா கான்ஸ்டன்டைன்தான் இயேசுவைக் கடவுள் ஆக்கினார்னு சொல்றாங்களே அண்ணே, உண்மையா?

இல்லை. கான்ஸ்டன்டைனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே, 112-ஆம் ஆண்டுவாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்ததில், அவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று தெரியவந்ததாம். பிளினி கிறிஸ்தவர் அல்ல, கிறிஸ்தவர்களைத் தண்டித்தவர். நமக்குச் சாதகமாகப் பேச அவருக்கு எந்தக் காரணமும் கிடையாது.

325-இல் கான்ஸ்டன்டைன் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் கூட்டிய பேராயர்களின் சங்கத்தில் நடந்த தகராறு வேறு. அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியுஸ், குமாரனும் பிதாவால் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்று போதித்தார். அவருடைய பேராயர் அலெக்சாந்தர், குமாரன் என்றென்றைக்கும் பிதாவோடு இருந்தவர் என்றார். இரு தரப்பாரும் இயேசுவை வணங்கியவர்கள்தான். இயேசு வெறும் மனிதரா என்ற விவாதம் அங்கே நடக்கவே இல்லை.

பைபிள்ல எந்தெந்தப் புத்தகம் இருக்கணும்னு நிசேயாவுலதான் ஓட்டுப் போட்டாங்களாமே?

அதுவும் இல்லை. அந்தச் சங்கம் வகுத்த 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றில்கூட வேத புத்தகங்களின் பட்டியல் இல்லை. இன்று நம் கையில் உள்ள 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை மட்டும் அப்படியே வரிசைப்படுத்தும் பட்டியல் முதலில் வருவது 367-இல், அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் தம் சபைகளுக்கு எழுதிய உயிர்த்தெழுதல் பண்டிகைக் கடிதத்தில்.

சரி, பாதிரிமாருக்குள்ள நடந்த சண்டையில ராஜாவுக்கு என்ன வேலை?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 311-இல் பேரரசர் கலேரியுஸ் கிறிஸ்தவர்கள்மேல் நடந்த உபத்திரவத்தை நிறுத்தினார். 313-இல் கான்ஸ்டன்டைனும் சாம்ராஜ்யத்தை அவரோடு பகிர்ந்து ஆண்ட லிசினியுஸும் எல்லாருக்கும் வழிபாட்டு உரிமை தந்து, பறித்த சொத்துகளைச் சபைகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே, குருமாருக்கு ஊர்ப் பொதுப்பணிச் சுமைகளிலிருந்து விலக்கும் கிடைத்தது. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஓர் ஊரில் இரண்டு பேராயர்கள் இருந்து, இருவரும் 'நாங்கள்தான் சபை' என்றால் சொத்து யாருக்கு, விலக்கு யாருக்கு? வட ஆப்பிரிக்காவில் அதுதான் நடந்தது. உபத்திரவ காலத்தில் வேத புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களின் கை பட்ட அபிஷேகம் செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்தது. பின்னால் தொனாத்துஸ் என்பவரின் பெயரால் அறியப்பட்ட அந்தக் கூட்டமே 313-இல் பேரரசரிடம் மனுக் கொடுத்தது. சலுகை கொடுப்பவன், யாருக்குக் கொடுப்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ராஜா சபைக்குள் வந்த வாசலைச் சபையாரேதான் திறந்துவிட்டார்கள்.

கான்ஸ்டன்டைன் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. தெய்வ வழிபாடு ஒழுங்காக நடந்தால்தான் அரசு நிலைக்கும், அதைக் கவனிப்பது பேரரசரின் கடமை என்பது ரோமர்களின் பழைய நம்பிக்கை. 324-இல் லிசினியுஸை வென்று முழு சாம்ராஜ்யத்தையும் கைக்கொண்டவருக்கு, அலெக்சாந்திரியாத் தகராறு வெறும் தலைவலியாகத்தான் பட்டது. 'அற்ப விஷயத்துக்காகவா இப்படிப் பிளவுபடுகிறீர்கள்' என்ற தொனியில் ஆரியுஸுக்கும் அலெக்சாந்தருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதி, கொர்தோபாவின் பேராயர் ஒசியுஸ் கையில் கொடுத்தனுப்பினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒற்றுமை.

நிசேயாவுல அவர் அப்படி என்னதான் செஞ்சார்?

325-இல் ஏறக்குறைய முந்நூறு பேராயர்கள் அரசாங்க வண்டிகளில், அரசாங்கச் செலவில் வந்து கூடினார்கள். அவர்களில் சிலர் சில ஆண்டுகளுக்கு முன் இதே அரசாங்கத்தின் சிறையில் கிடந்தவர்கள். அங்கே இருந்த செசரியாவின் எவுசேபியுஸ் எழுதி வைத்திருக்கிறார்: எல்லாரும் மௌனமாக அமர்ந்திருக்க, ஊதா அங்கியும் பொன்னும் மணியும் மின்ன கான்ஸ்டன்டைன் உள்ளே வந்தார். பொன்னால் செய்த சிறிய நாற்காலி ஒன்று போடப்பட்டது. பேராயர்கள் சைகை காட்டும்வரை அவர் உட்காரவில்லை. அந்தப் பணிவை அவர்கள் கடைசிவரை மறந்திருக்க மாட்டார்கள்.

குமாரன் பிதாவோடு 'ஒரே தன்மையுள்ளவர்' என்ற சொல், சபை எதை நம்புகிறது என்று சங்கம் வகுத்த விசுவாசப் பிரமாணத்தில் சேர்க்கப்பட்டது. பேரரசரே அதற்கு ஆதரவாகப் பேசினார் என்று எவுசேபியுஸ் தம் சபைக்கு எழுதினார். தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். மறுத்த இரண்டு லிபியப் பேராயர்கள், செக்குந்துஸும் தெயோனாஸும், ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள். ஆரியுஸின் எழுத்துகளை மறைத்து வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்றும் பின்னர் ஆணை பிறந்தது. விசுவாசத்தில் தவறுகிறவனை அதுவரை சபை விலக்கி வைத்தது. இப்போது அரசு தண்டித்தது.

அந்த ஆண்டு கான்ஸ்டன்டைனின் ஆட்சிக்கு இருபதாம் ஆண்டு விழா. பேராயர்களுக்கு அரண்மனையில் விருந்து. உருவிய வாளோடு நின்ற மெய்க்காவலர்களின் நடுவே அவர்கள் அச்சமின்றி நடந்து உள்ளே போனார்கள், கிறிஸ்துவின் ராஜ்யமே நிழலாகத் தெரிந்ததுபோல் இருந்தது என்று எவுசேபியுஸ் மகிழ்ந்து எழுதுகிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அவர்களுடைய ஆறுதல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வாள்கள் உருவியபடியேதான் இருந்தன.

பயமுறுத்தி வாங்கின கையெழுத்துன்னா அந்தப் பிரமாணத்தை நாம ஏன் இன்னும் ஆராதனையில சொல்றோம்?

ஏனென்றால் ராஜா கைவிட்ட பிறகும் அது பிழைத்தது. வீடியோக்கள் 325-ஓடு கதையை முடித்துவிடுகின்றன. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளின் பெரும்பகுதி, கிழக்கில் அரண்மனை நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. கான்ஸ்டன்டைனே சில ஆண்டுகளில் ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். நிசேயாவின் பெரும் வக்கீலான அத்தனாசியுஸை 335-இல் இன்றைய ஜெர்மனியின் டிரியர் நகருக்குத் துரத்தினார். 337-இல் மரணப் படுக்கையில் அவர் ஞானஸ்நானம் பெற்றது, ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கோமேதியாவின் எவுசேபியுஸ் கையால். (செசரியாவின் எவுசேபியுஸ் வேறு ஆள், இந்தப் பெயர்க் குழப்பம் எல்லாருக்கும் வரும்.) அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை, நான்கு பேரரசர்களால் விரட்டப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகளை ஒளிவிலும் அந்நிய ஊரிலும் கழித்தார்.

கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்சியுஸ் 359-இல் இத்தாலியின் ரிமினியில் நானூறுக்கும் மேற்பட்ட பேராயர்களைக் கூட்டினார். 'தன்மை' என்ற சொல்லே வேண்டாம் என்பது அரண்மனையின் நிலை. அவர்களோ முதலில் நிசேயாவையே உறுதி செய்தார்கள். உடனே, கையெழுத்துப் போடும்வரை ஒருவரையும் ஊருக்கு விடாதே என்று தாவுருஸ் என்ற உயரதிகாரிக்குக் கட்டளை வந்தது. மாதங்கள் ஓடின, குளிர் வந்தது. வயதானவர்கள், சபைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள். பிரிட்டனிலிருந்து வந்த மூன்று பேர் சாப்பாட்டுக்கே அரசாங்கப் பணத்தை வாங்க வேண்டிய அளவுக்கு ஏழைகள். ஒவ்வொருவராகப் பணிந்தார்கள். தாவுருஸுக்கு 361-இல் ரோம அரசின் உயர்ந்த கௌரவமான கொன்சுல் பதவி கிடைத்தது. உலகமே முனகி, தான் ஆரியுஸின் பக்கம் போய்விட்டதைக் கண்டு திகைத்தது என்று ஜெரோம் பின்னால் எழுதியது இந்த நிகழ்ச்சியைத்தான். ஊர் திரும்பிய பேராயர்கள் பலர் அந்தக் கையெழுத்தை மறுத்தார்கள்.

அதனால் என் பதில் இது: ஒரு போதனை சரியா என்பதை எந்த ராஜா ஆதரித்தார் என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. நிசேயாவுக்கும் ஒரு ராஜா இருந்தார், ரிமினிக்கும் ஒரு ராஜா இருந்தார். வேதத்தை வைத்து அத்தனாசியுஸும் பின்வந்தவர்களும் தந்த வாதத்தைப் படித்துத்தான் நான் அந்தப் பிரமாணத்தைச் சொல்கிறேன்.

ஆனா கடைசியில நிசேயா ஜெயிச்சதும் இன்னொரு ராஜாவாலதானே? மழுப்பாம சொல்லுங்க.

ஆமாம். 380 பிப்ரவரியில் பேரரசர் தெயோதோசியுஸ் தெசலோனிக்கேயாவிலிருந்து ஆணையிட்டார்: ரோமின் பேராயர் தமாசுஸும் அலெக்சாந்திரியாவின் பேராயர் பேதுருவும் பின்பற்றும் விசுவாசமே எல்லாக் குடிகளுக்கும் விசுவாசம், மற்றவர்கள் பைத்தியக்காரர்கள், அவர்கள் கூடும் இடங்களுக்குச் சபை என்ற பெயர் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில், நிசேயாவை ஏற்காத கான்ஸ்டான்டினோப்பிள் பேராயர் தெமோபிலுஸ் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய இடத்துக்கு நாசியான்சுஸின் கிரகோரி படைவீரர்கள் சூழ அழைத்துச் செல்லப்பட்டார். பிடிபட்ட நகரத்தில் நுழைந்ததுபோல் இருந்தது என்று கிரகோரியே கவிதையில் எழுதியிருக்கிறார். தெருவெங்கும் ஜனங்கள் அழுதார்கள், கெஞ்சினார்கள், கோபப்பட்டார்கள். திரித்துவத்தைப் பற்றி அவரைவிட அழகாகப் பேசியவர்கள் அந்த நூற்றாண்டில் குறைவு. அவருக்கும் வாள்தான் வழி உண்டாக்கித் தர வேண்டியிருந்தது. மறுவருடமே அவர் பதவியைத் துறந்து ஊருக்குப் போய்விட்டார்.

381-இல் தெயோதோசியுஸ் கான்ஸ்டான்டினோப்பிளில் கூட்டிய சங்கத்தின் மூன்றாம் விதியையும் பாருங்கள்: கான்ஸ்டான்டினோப்பிளின் பேராயருக்கு ரோமுக்கு அடுத்த மரியாதை. காரணமாகச் சொல்லப்பட்டது, அது புதிய ரோம் என்பது. அப்போஸ்தலர் நட்ட சபை என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை, தலைநகரம், அவ்வளவே.

அரசாங்கம் உள்ள வராதேன்னு அந்தக் காலத்துல ஒருத்தர்கூட சொல்லலையா?

சொன்னார்கள். முன்னே பார்த்த ஒசியுஸ் நூறு வயதை நெருங்கிய நிலையில் கான்ஸ்டான்சியுஸுக்கு எழுதினார்: தேவன் உம் கையில் ராஜ்யத்தைக் கொடுத்தார், சபையின் காரியங்களை எங்களிடம் ஒப்படைத்தார். 'இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும்' என்ற வசனத்தையே ஆதாரமாகக் காட்டினார். அந்தக் கிழவரைப் பிடித்து வைத்து 357-இல் எதிர்த்தரப்பின் அறிக்கையை ஏற்க வைத்தார்கள். 'பேரரசனுக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?' என்று தொனாத்துஸ் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. முதலில் மனுக் கொடுத்தது அவருடைய கூட்டம்தான் என்பதை மறக்க வேண்டாம். அடிபடும்போது அரசு விலகி நிற்கட்டும் என்று கேட்பதும், அனுகூலமாக இருக்கும்போது அரண்மனைக்கு ஓடுவதும் எல்லாத் தரப்பிலும் நடந்தது. அத்தனாசியுஸும் விலக்கல்ல.

எனக்கு மிகவும் பிடித்தவர் இன்றைய பிரான்ஸின் தூர் நகரப் பேராயர் மார்ட்டின். ஸ்பெயினின் பிரிஸ்கில்லியன் என்ற பேராயர் மேல் தவறான போதனை என்று சக பேராயர்களே குற்றஞ்சாட்ட, வழக்கு டிரியரில் மாக்சிமுஸ் பேரரசரிடம் போனது. மார்ட்டின் அந்தப் போதனையை ஆதரிக்கவில்லை. ஆனால் இரத்தம் சிந்தாதே, சபையை விட்டு விலக்கினால் போதும் என்று கெஞ்சினார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபின், 385 வாக்கில் பிரிஸ்கில்லியனின் தலையை வெட்டினார்கள். கிறிஸ்தவ அரசு ஒன்று கிறிஸ்தவரை, வேத வழுவல் என்ற குற்றச்சாட்டு பின்னணியில் இருக்கக் கொன்றது அதுவே முதல் முறை.

ராஜா மாறினா உபதேசமும் மாறிடுமா?

மாறியிருக்கிறது. 449-இல் எபேசுவில் நடந்த சங்கம், கிறிஸ்துவுக்கு ஒரே இயல்பு என்ற தரப்புக்கு வெற்றி தந்தது. இரண்டாம் தெயோதோசியுஸ் அதை ஆதரித்தார். 450-இல் அவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய சகோதரி புல்கேரியாவும் அவரை மணந்த மார்சியனும் 451-இல் கல்கதோனில் புதிய சங்கத்தைக் கூட்டி, கிறிஸ்துவுக்கு இரண்டு இயல்புகள் என்று அறிக்கையிட வைத்தார்கள். எகிப்து, சீரியா, ஆர்மீனியாவின் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை. கேரளத்தின் யாக்கோபாயா சபையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் இன்றும் கல்கதோனை ஏற்காத அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

'குமாரனிடத்திலிருந்தும்' ஆவியானவர் புறப்படுகிறார் என்று மேற்கத்திய சபைகள் பிரமாணத்தில் சேர்த்துச் சொல்வதும் இப்படித்தான் ரோமுக்கு வந்தது. மேற்கு ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் வற்புறுத்தியும் போப் மூன்றாம் லியோ பிரமாணத்தில் சேர்க்க மறுத்தார்; பழைய வடிவத்தையே வெள்ளித் தகடுகளில் பொறித்து வைத்தார். 1014-இல் ஜெர்மானிய மன்னர் இரண்டாம் ஹென்றி பேரரசராக முடிசூட ரோமுக்கு வந்தபோது, அவர் கேட்டபடி அது ஆராதனையில் பாடப்பட்டது.

லூத்தர் வந்தப்புறம் இதெல்லாம் சரியாயிடுச்சுல்ல?

இல்லவே இல்லை. ஜெர்மனியில் 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, அந்தந்தப் பிரதேசத்தின் ஆட்சியாளர் லூத்தரனா கத்தோலிக்கரா என்பதே குடிகளின் மதம் என்றது. வேறு எந்த விசுவாசத்துக்கும் அதில் இடமில்லை. இங்கிலாந்தில் 1534-இல் எட்டாம் ஹென்றி சபைக்குத் தலைவரானார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர், எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று ஆட்சி மாற மாற, திருவிருந்தைப் பற்றி ஒரு விவசாயி என்ன நம்ப வேண்டும் என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. சூரிச் நகரில், வயது வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது சீர்திருத்தத் தரப்பு நகர மன்றம்தான்.

மதமும் அரசும் தனித்தனியா இருக்கணும்னு சொன்னது நாத்திகர்கள்தானே, பாஸ்டர்?

நான் பாஸ்டர் இல்லை, தம்பி. அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் மற்றக் கிறிஸ்தவர்களிடம் அடிபட்ட கிறிஸ்தவர்கள். லண்டன் பாப்டிஸ்டான தாமஸ் ஹெல்விஸ் 1612-இல், ராஜா சாகக்கூடிய மனிதன், தேவன் அல்ல, ஆகவே குடிகளின் அழியாத ஆத்துமாக்கள்மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை என்று ஜேம்ஸ் மன்னருக்கே தம் நூலில் கைப்பட எழுதினார். தமக்கு மட்டும் அவர் சுதந்தரம் கேட்கவில்லை. வேதவிரோதி எனப்பட்டவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் யூதருக்கும் சேர்த்தே கேட்டார். நியூகேட் சிறையில் அவர் வாழ்வு முடிந்தது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் பியூரிட்டன் கிறிஸ்தவர்களால் விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-இல் பிராவிடன்ஸை நிறுவினார். சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற வனாந்தரத்துக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அவர் 1644-இல் எழுதினார். அவருக்குத் தோட்டத்தைப் பற்றித்தான் கவலை.

வர்ஜீனியாவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கித்ததற்காக பாப்டிஸ்டுகளைச் சிறையில் போட்டார்கள். அங்கே கிறிஸ்தவப் போதகர்களுக்கு வரிப்பணத்தில் சம்பளம் கொடுக்கும் மசோதா வந்தபோது, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன் 1785-இல் அதை எதிர்த்தார்: பதினைந்து நூற்றாண்டு அரசாங்க ஆதரவு குருமாருக்குக் கர்வத்தையும் சோம்பலையும், சபையாருக்கு அறியாமையையும் அடிமைப் புத்தியையும்தான் தந்தது என்றார். மசோதா விழுந்தது. 1786-இல் வர்ஜீனியாவின் மதச் சுதந்தரச் சட்டமும், 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் வந்தன. 'பிரிக்கும் சுவர்' என்று அதிபர் ஜெபர்சன் 1802-இல் கடிதம் எழுதியதும் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்குத்தான். அவர்கள் மாநிலத்தில் அப்போது வேறொரு சபை அரசாங்கச் சபையாக இருந்தது. மதத்தையும் அரசையும் பிரித்த பிரான்ஸின் 1905 சட்டம் வேறு வகை. அது கத்தோலிக்கக் குருமாரின் அரசியல் செல்வாக்கோடு நடந்த போராட்டத்தில் பிறந்தது. உங்கள் கேள்வி அங்கே ஓரளவு பொருந்தும்.

நம்ம ஊர்ச் சபைகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1706-இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்தது டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி. ஆனால் 1708 இறுதியில் அவரை டான்ஸ்பெர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்ததும் டேனிஷ் நிர்வாகம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகள் தங்குவதை விரும்பவில்லை. அதனால்தான் வில்லியம் கேரி டேனியர்களின் செராம்பூரில் தங்கினார். இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்தின் அரசாங்கச் சபையிலிருந்து சட்டப்படி விடுபட 1927-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. விடுபட்டதால்தான் 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அதன் தென்னிந்தியப் பேராயங்கள் மெதடிஸ்டுகளோடும் மற்றவர்களோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆக முடிந்தது.

ரோமர் 13 இருக்கே, மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியக்கடவன்னு? அப்புறம் எதிர்த்துப் பேச நமக்கு என்ன உரிமை?

அந்த வசனத்தை எழுதிய பவுலே ரோம அதிகாரத்தின் கையால் இறந்தார் என்பது சபையின் பழைய சாட்சி. 1933-இல் ஜெர்மனியின் பல பாஸ்டர்கள் இதே வசனத்தைக் காட்டித்தான் ஹிட்லருக்குத் தலைவணங்கினார்கள். யூத வம்சத்தில் வந்த போதகர்களை நீக்கும் விதி சபைக்குள்ளேயே நுழைந்தது. 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடியவர்கள் வேறு பதில் சொன்னார்கள்: நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசின் வேலை, மனித வாழ்வு முழுவதற்கும் அதுவே ஒழுங்கு என்று அது எழும்பினால் ஏற்க மாட்டோம், சபை அரசின் ஓர் உறுப்பாக மாறுவதையும் ஏற்க மாட்டோம். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்கள் படும் கொடுமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதிய கார்ல் பார்த் பிற்காலத்தில் அதைத் தம் குற்றமாக ஒப்புக்கொண்டார்.

அப்போ கிறிஸ்தவங்க அரசியலே பேசக்கூடாதுன்னு சொல்றீங்களா?

இல்லை. ஆள்பவனிடம் நியாயம் கேட்பது வேறு, அவனுடைய அதிகாரத்தை நம் விசுவாசத்துக்குக் கடன் வாங்குவது வேறு. மிலானின் அம்புரோஸ் இரண்டையும் செய்தவர். 390-இல், தெசலோனிக்கேயாவில் கலவரம் செய்த ஜனங்கள்மேல் தெயோதோசியுஸ் படையை ஏவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார். மனந்திரும்பும்வரை உமக்குத் திருவிருந்து இல்லை என்று அம்புரோஸ் கடிதம் எழுதினார். கையில் ஒரு படைவீரன்கூட இல்லாத பேராயருக்குமுன் பேரரசர் அரச அங்கியைக் கழற்றி, சபையார் நடுவே மன்னிப்புக் கேட்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், யூப்ரடீஸ் கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில், பேராயரின் தூண்டுதலில் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று யூதர்களின் ஜெப ஆலயத்தை எரித்திருந்தது. அந்தப் பேராயரே தம் செலவில் அதைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று இதே தெயோதோசியுஸ் நியாயமாக உத்தரவிட்டார். இதே அம்புரோஸ் ஆராதனையின் நடுவே எழுந்து, அந்த உத்தரவைக் கைவிடும்வரை பலிபீடத்துக்குப் போக மாட்டேன் என்றார். பேரரசர் அங்கேயே பணிந்தார். ஜெப ஆலயத்தை இழந்த யூதர்களுக்கு ஈடு கிடைக்காமல் போனது.